லிஃப்டில் ஏறிய ஜாம்பிகளும் ஓட்டையாரின் சகலையும்

அவருக்கு ஓட்டையார் என்று பெயர் வைத்தது அவருடைய மனைவிதான். கல்யாணமான புதிதில் செல்லமாக வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் செல்லம் தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் மிச்சம். எந்தப் படத்துக்குப் போனாலும் அதில் ஒரு ஓட்டையாவது கண்டுபிடிக்காமல் அவர் வீடு திரும்பியதில்லை. மழையில் தொப்பலாக நனைந்தவள் அடுத்த அறைக்குப் போவதற்குள் தலை எப்படிக் காய்ந்தது, குண்டு பாய்ந்தது இடது தோளிலா வலது தோளிலா என்று ஆரம்பிப்பார். அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில், "கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சே, இவ எப்படி உள்ள வந்தா?" என்பார். முன்வரிசை திரும்பி முறைக்கும். அந்த முறைப்பை அவர் கைதட்டலாக எடுத்துக்கொள்வார்.

பிழைப்பு லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நாலு லிஃப்ட் அவர் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றின் தலைமேலும் ஏறி நிற்பார். கம்பிவடத்தில் பிரி விட்டிருக்கிறதா, கதவில் கை பட்டால் மறுபடி திறக்கிறதா, அதிகம் பேர் ஏறினால் மணி அடிக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் மோட்டார் அறையில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போடுவார். கண்ணால் பார்க்காத எதற்கும் இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. இப்படிப்பட்டவரைத்தான் பொறாமை பிடித்தது. அது மற்றவர்களைப் பிடிப்பதைவிடக் கொஞ்சம் முறையாகவே பிடித்தது.

பொறாமைக்குக் காரணம் மனைவியின் சிரிப்பு. கல்யாணம் நிச்சயமான பிறகு இருவரும் முதன்முதலில் பார்த்த படத்தில், செத்துக் கிடந்தவரின் கண் இமை துடிப்பதை அவர் அவள் காதில் சொன்னார். அவள் சிரித்தாள். சத்தம் முதலில் வராது, தோள்தான் குலுங்கும். பிறகு மூச்சு முட்டி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் தான் கல்யாணம் செய்துகொண்டதாக அவரே நினைத்துக்கொண்டிருந்தார். போகப் போக அது புன்னகையாகி, புன்னகை "ம்" ஆகி, கடைசியில் "சரி, கிளம்புங்க, பஸ் போயிடும்" ஆனது. ஆனாலும் அவர் விடவில்லை. ஓட்டை கண்டுபிடிப்பதில் அவர் காட்டிய விடாமுயற்சியைப் பார்த்து, சினிமா மேல் அவருக்கு ஏதோ தீராத பகை என்று உலகம் நினைத்தது. உலகத்துக்கு வேலை அதிகம், உள்ளே போய்ப் பார்க்க நேரமில்லை.

இரண்டு மாதம் முன்பு மனைவியின் தங்கைக்குக் கல்யாணமாயிற்று. வந்த சகலை பொய்ப்பல் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவன் ஒரு சின்ன அறையில், தலைக்கு மேல் விளக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேர் மெல்லுவதற்கு வழி செய்வான். அடக்கமானவன். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் குடும்பமாகச் சேர்ந்து போவது, பிறகு ஓட்டையார் வீட்டுக் கூடத்தில் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்து படத்தை அறுப்பது என்ற வழக்கத்தில் அவனும் சேர்ந்துகொண்டான். வழக்கத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. யாராலும் பதில் சொல்ல முடியாத ஓட்டையைச் சொன்னவருக்கு ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி. அடுத்த ஞாயிறு வரை வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. தோற்றவர்கள் டீக் கோப்பைகளைக் கழுவ வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த நாற்காலி ஓட்டையாரின் முதுகுக்கு ஏற்ப வளைந்திருந்தது.

முதல் மூன்று வாரம் சகலை வாயே திறக்கவில்லை. "தங்கமான பையன்" என்று ஓட்டையார் சான்றிதழ் கொடுத்தார். நாலாவது வாரம் அவன் ஒரு சின்ன ஓட்டையைச் சொன்னான். அவர் மனைவி தோள் குலுங்கச் சிரித்தாள். சான்றிதழ் அன்றே காலாவதியானது.

ஐந்தாவது வாரம் ஜாம்பிப் படம்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ கிருமி பரவி, செத்தவர்களெல்லாம் எழுந்து உயிரோடிருப்பவர்களைக் கடிக்கிறார்கள். கடிபட்டவரும் ஜாம்பி. எட்டாம் நாள் ஊரில் மின்சாரம் கிடையாது. எட்டாவது மாடியில் ஒரு நர்ஸும் சில நோயாளிகளும் ஒளிந்திருக்கிறார்கள். தப்பிப்பதற்காக நர்ஸ் லிஃப்டைக் கூப்பிடுகிறாள். லிஃப்டோ கீழ்த்தளத்தில் நின்று, ஜாம்பிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அவளிடம் வருகிறது. கதவு திறக்கிறது. அரங்கம் அலறியது.

ஓட்டையார் அலறவில்லை. அந்த நேரத்தில் அவர் திரையைப் பார்க்கவும் இல்லை. வரிசையில் அவர், மனைவி, தங்கை, சகலை என்று உட்கார்ந்திருந்தார்கள். ஜாம்பிகள் லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்தபோது சகலை எதையோ முணுமுணுக்க, மனைவி தங்கையைத் தாண்டி அவன் பக்கம் சாய்ந்தாள். எத்தனை அங்குலம் சாய்ந்தாள் என்பதை அளந்துகொண்டிருந்தார் ஓட்டையார். கதவு மூடியது, லிஃப்ட் கிளம்பியது, எட்டாவது மாடிக்கும் வந்தது. அவர் இன்னும் அளந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து டீயை ஊற்றியதும் அவர் தொண்டையைச் செருமினார். "மொத்தம் ஏழு ஓட்டை. முதல்ல..."

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு நான் சொல்லிக்கட்டுமா?" என்றான் சகலை. "அப்புறம் மறந்துடும்."

"சொல்லுங்க தம்பி, சொல்லுங்க" என்றாள் அவர் மனைவி. அவர் கொடுத்திருக்க வேண்டிய அனுமதி.

"வார்டுல ஒரு தாத்தா இருந்தாரே, ஞாபகம் இருக்கா அண்ணி? படம் ஆரம்பிச்சதும் பல் செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டாரே. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, முழு செட்டு. அந்த டம்ளர் கடைசி வரைக்கும் அதே மேஜையில இருக்கு. செட்டும் உள்ளேயேதான் கிடக்கு. இவர் ஜாம்பியாகி வாட்ச்மேன் கழுத்தைக் கடிக்கிறாரே... எதை வச்சு?"

தங்கை, "ஐயோ, அப்ப அவர் கடிக்கல, சப்பினாரு!" என்றாள்.

"வாட்ச்மேன் செத்தது கூச்சத்துல" என்றான் சகலை.

அவ்வளவுதான். மனைவியின் தோள் குலுங்கியது. மூச்சு முட்டியது. முந்தானை கண்ணுக்குப் போனது. ஓட்டையார் அதைப் பார்த்தார். தன் வீட்டுச் சாமானை வேறொருவன் கையில் பார்ப்பது போலப் பார்த்தார். அதைவிட மோசம், ஓட்டை நன்றாகவும் இருந்தது.

"சரி, சின்ன விஷயம்" என்றார். "பெருசு ஒண்ணு இருக்கு."

"லிஃப்ட்தானே அண்ணா?" என்றான் சகலை, மரியாதையாகத்தான். "அது உங்க டிபார்ட்மென்ட், நான் பேசக் கூடாது. ஆனா ஊரே இருட்டுல கிடக்கு, லிஃப்ட் மட்டும் எப்படி ஓடுது?"

ஓட்டையாருடைய ஏழில் முதலாவது அதுதான். பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைச் செதுக்கி வைத்திருந்தார். அவன் அதை எடுத்துப் பிஸ்கட் போல டீயில் நனைத்துவிட்டான்.

வேறொருவராக இருந்தால் "அதையேதான் நானும் நினைச்சேன்" என்று சொல்லியிருப்பார். பொறாமைக்கு அந்த வாக்கியம் வராது. "அது ஓட்டையே இல்ல" என்றார் ஓட்டையார்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். ஒரு படத்துக்கு ஆதரவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் இருக்கும் தம்பி. எல்லா லிஃப்டையும் அதுல போட மாட்டாங்க. ஸ்ட்ரெச்சர் போற ஒரு லிஃப்டை மட்டும் போடுவாங்க. இதுகூடத் தெரியாம ஓட்டை சொல்ல வந்துட்டீங்க."

"எட்டு நாளைக்கு டீசல் இருக்குமா அண்ணா?"

"ஒரே ஒரு லிஃப்ட்தானே, தாராளமா இருக்கும்."

"ஜாம்பிக்கு எட்டாவது மாடிப் பட்டனை அழுத்தத் தெரியுமா, அத்தான்?" என்று கொழுந்தியாள் கேட்டாள்.

"அது எதுக்கு அழுத்தணும்? மேலேர்ந்து நர்ஸ் கூப்பிட்டா. கூப்பிட்ட மாடிக்கு லிஃப்ட் தானா வரும்."

"கதவுல கை மாட்டிச்சே?"

"மாட்டினா திறக்கும். திறந்துச்சு. எடுத்ததும் மூடும். மூடிச்சு. கணக்கா எடுத்திருக்கான்யா!"

படம் பிடித்தவன் கேட்டிருந்தால் அழுதிருப்பான். ஒருவன் மீதுள்ள எரிச்சலில் இன்னொருவனை இவ்வளவு தாங்கிப் பேசலாம் என்பது ஓட்டையாருக்கே புதுசு. தாத்தாவின் பல்லுக்குக்கூட ஒரு சமாதானம் சொன்னார். பையில் இன்னொரு செட் வைத்திருப்பாராம். "செத்த பிறகு பையைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டாரா அண்ணா?" என்று சகலை கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பல்லை விடுங்க. அந்த லிஃப்ட் காட்சியில ஒரு குறை கிடையாது. இருபத்திரண்டு வருஷம் இதுலதான் கிடக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

சகலை இரண்டு கையையும் தூக்கினான். "நீங்களே சொன்னப்புறம் என்ன இருக்கு அண்ணா. ஒத்துக்கறேன்."

ஓட்டையார் எழுந்து பிரம்பு நாற்காலியை நோக்கி நடந்தார். ஓட்டையே சொல்லாமல் நாற்காலிக்குப் போகிறோம் என்ற சட்டச் சிக்கலை யாரும் எழுப்புவதற்குள் உட்கார்ந்துவிடலாம் என்று கணக்கு.

"என்னங்க" என்றாள் மனைவி. கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, ஏதோ பால் தீர்ந்துவிட்டதைச் சொல்வது போலக் கேட்டாள். "அந்த மணி அடிக்காதா?"

"எந்த மணி?"

"நீங்கதானே சொல்வீங்க. பதிமூணு பேர் போற லிஃப்ட்ல அளவுக்கு மேல ஆள் ஏறினா மணி அடிக்கும், கதவு மூடாது, லிஃப்ட் நகராதுன்னு. மணி அடிச்சதும் எல்லாரும் மேல பார்ப்பாங்க, ஒருத்தரும் இறங்க மாட்டாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. நான் எண்ணினேங்க. இருபத்து மூணு ஜாம்பி ஏறிச்சு."

ஓட்டையார் நாற்காலிக்கு ஒரு அடி முன்னால் நின்றார். இருபத்து மூன்று. அவர் அளந்துகொண்டிருந்த அங்குலங்களுக்கு நடுவே இருபத்து மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்காத லிஃப்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"அப்ப மணி அடிச்சுக்கிட்டே இருக்கும்" என்றாள் மனைவி, அவளுக்கே தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது. "அதுங்க உள்ள நின்னுக்கிட்டு ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டிருக்கும். கடைசியா ஏறினதை, இறங்குடான்னு எந்த ஜாம்பி சொல்லும்?"

"நீ இறங்கு, நான் மூணாம் நாளே செத்தவன், சீனியர்னு சொல்லும்" என்றாள் தங்கை.

ஓட்டையார் அசுர வேகத்தில் யோசித்தார். எட்டு நாள் பட்டினி, எடை குறைந்திருக்கும். ஆளுக்குப் பதினைந்து கிலோ போயிருந்தால்கூட... வாயைத் திறந்தார். மனைவி முந்தானையைக் கண்ணில் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் என்ன சொல்லப் போகிறார் என்று. அப்படி அவள் காத்திருந்து வெகுநாளாகியிருந்தது.

"அடிக்கும்" என்றார். "நகராது. பதில் இல்ல."

அவள் சத்தமாகவே சிரித்துவிட்டு, ஈரக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதில் எப்போதும் உட்கார்ந்தவள் போல உட்கார்ந்தாள். அவளுக்காகச் சந்தோஷப்பட்டார் ஓட்டையார். அது மூன்று விநாடி நீடித்தது. அதற்குமேல் நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது.

சட்டப்படி தோற்ற ஆண்கள் இருவரும் சமையலறைக்குப் போனார்கள். தங்கை தோற்றவர்களில் சேர்த்தியில்லை என்று அக்காவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சகலை சோப்புப் போட, ஓட்டையார் அலசினார்.

"ஒண்ணு கேட்கலாமா அண்ணா?" என்றான் சகலை. "நீங்க வேலையைப் பத்திச் சொல்றதெல்லாம் அண்ணி அப்படியே ஞாபகம் வச்சிருக்காங்களே, எப்படி? நான் பல்லைப் பத்தி ஆரம்பிச்சாலே இவ போனைக் கையில எடுத்துடறா. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

ஓட்டையார் அந்தக் கோப்பையை இரண்டு முறை அலசினார். பதில் சொல்ல அவசரமில்லை. இப்படிப்பட்ட வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்க வேண்டும்.

"பத்தொன்பது வருஷம் ஆகும் தம்பி" என்றார் பெருந்தன்மையாக. "பொறுமை வேணும். பல்லு கதை எனக்குப் பிடிச்சிருந்தது. நல்ல ஓட்டை."

சான்றிதழைப் புதுப்பித்தாயிற்று. கோப்பைகள் நாலுதான். இன்னும் நாலு இருந்தாலும் கழுவியிருப்பார்.

அப்போது கூடத்தில் அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரித்தார்கள். மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்டது. மூச்சு முட்டுகிற சிரிப்பு. அங்கே அவரும் இல்லை, சகலையும் இல்லை. அப்படியென்றால் எதற்காக?

ஓட்டையார் குழாயை மூடிவிட்டு, காதைக் கூடத்தின் பக்கம் திருப்பினார்.