தூணைப் பார்த்துப் பேசியது

போத்தனூர் ஜங்ஷனில் நானும் நிறைமாத மகளும் பொள்ளாச்சி வண்டிக்குக் காத்திருக்கிறோம். நாங்கள் பார்க்கப் போகிற மிஷன் ஆஸ்பத்திரி ஜெர்மன் டாக்டரோ இங்கே பெஞ்சில், இரண்டு போலீசாருக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, டாக்டரு என்ன பண்ணிப்போட்டாருங்க?" என்று மூத்த போலீஸ்காரரைக் கேட்கிறேன்.

"அவரு ஒண்ணும் பண்ணலீங்கம்மா. ஜெர்மனிக்கும் நம்ம வெள்ளைக்கார சர்க்காருக்கும் சண்டை வந்துபோச்சுங்க. அந்த நாட்டுக்காரங்களைக் காவல்ல வெக்கச் சொல்லி உத்தரவுங்க. அவருகிட்டப் பேசக் கூடாதுங்க."

குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று போன மாதம் சொன்னவர் அவர்தான். வேறு யாரைக் கேட்பேன்? எங்கள் பக்கம் பெண்கள் சம்பந்தி வீட்டு ஆண்களிடம் நேரே பேசுவதில்லை, தூணைப் பார்த்துத்தான் பேசுவோம். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்துத் தூணிடம் சொல்கிறேன்:

"காத்தால இருந்து புள்ளைக்கு இடுப்பு வலிங்க. இனி எங்கீங்க போறது?"

டாக்டர் மகளின் வயிற்றையே பார்க்கிறார். பிறகு அவரும் தூணைப் பார்க்கிறார்.

"குழந்தை இன்னும் திரும்பலை. பொள்ளாச்சி வேண்டாம். கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போகோணும்."

மூத்த போலீஸ்காரர் தொண்டையைச் செருமுகிறார். அவரும் தூணிடமே சொல்கிறார்: "கோயமுத்தூர் வண்டி அந்தப் பக்கம் நிக்குதுங்க. சீக்கிரம் போனா ஏறிக்கலாமுங்க."

மகளைத் தாங்கிக்கொண்டு எழுகிறேன். டாக்டரின் முகத்தைப் பார்த்தே, "போயிட்டு வாரோமுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.