பயிற்சிப் பெட்டியில் அப்பாவின் ஸ்கேன்

அப்பாவின் ஸ்கேனைக் கிளவுடில் ஏற்றும் யோசனை மதுரையில் ஒரு டாக்டரின் அறையில் வந்தது. "தேனியில எடுத்த பழைய ஸ்கேன் சிடி எங்க? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் நெஞ்சுல இருக்கிற கட்டி வளர்ந்திருக்கான்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

அப்பா சிரித்தார். "அதைப் பந்தல்ல கட்டித் தொங்கவிட்டேனுங்க. குருவி கொத்துது."

எங்கள் காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் சிடி தொங்குவது சாதாரணம். வெயிலில் மின்னினால் பறவை அண்டாது. ரிப்போர்ட் என்பது பேப்பர், சிடித் தட்டு சும்மா கூட வருவது என்று அப்பா நினைத்துவிட்டார். தேனி சென்டருக்குப் போன் போட்டேன். பழசையெல்லாம் அழிச்சிட்டாகளாம். டாக்டர் மதுரையிலேயே ஒரு சென்டரில் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லி, "அடுத்த தடவை இதையாவது கொண்டுவாங்க. இல்லேன்னா ஊசி விட்டுச் சதை எடுத்துத்தான் பார்க்கணும்" என்றார்.

இனி எந்தப் படமும் ஒரு தட்டை நம்பி இருக்கக் கூடாது, இன்டர்நெட்டில், கிளவுடில் ஏற்றிவிடணும் என்று அங்கேயே முடிவு செய்தேன். அதற்கு ரெடிமேடாக ஆயிரம் வழி உண்டு. கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிற எனக்கோ புரோகிராமை நானே எழுதணும் என்று ஆசை.

ஆன்லைனில் பயிற்சிகள் கிடைத்தன. கோப்புகளை வைக்கக் கிளவுடில் ஒரு பெட்டியை உருவாக்கு, கோப்பை ஏற்று, திரும்ப இறக்கு. சரியானால் பச்சை டிக், தப்பானால் சிவப்பில் நாலு வரித் திட்டு. அப்பா பின்னால் நின்று இருமிக்கொண்டே பார்ப்பார்.

"என்ன ஆத்தா, பாஸா பெயிலா?"

"பாஸுப்பா."

"அப்ப டாக்டரை நீயே பார்த்துக்க. நான் கொடிக்கு மருந்தடிக்கப் போறேன்."

நிஜக் கணக்கு தொடங்க கிரெடிட் கார்டு கேட்டது. எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. பயிற்சித் தளம் பழகுவதற்கென்று கொடுத்த பெட்டி இருந்தது. அதுவே போதும் என்று கல்லூரி லேபில் மதுரையில் எடுத்த புதுச் சிடியைப் போட்டு, என் புரோகிராமை ஓடவிட்டேன். படங்கள் ஏறின. இறக்கியும் பார்த்தேன். அப்பாவின் நெஞ்சு திரையில் சாம்பல் நிறத்தில் திறந்தது. வீட்டுக்கு வந்து, "ஸ்கேன் பத்திரமா இருக்குப்பா. எங்கன இருந்தும் எடுக்கலாம்" என்று பீற்றிக்கொண்டேன்.

வருகிற திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கணும். இன்று மத்தியானம் திறந்தால் பெட்டியையே காணோம். பயிற்சி முடிந்ததும் தளம் அதைத் துடைத்துவிடும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நான் பச்சை டிக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பீரோவைக் கலைத்துச் சிடியைத் தேடினேன். "பத்திரமா இருக்குன்னு நீ சொன்னதும் அதை உங்கப்பா அப்பவே தோட்டத்துக்குக் கொண்டுபோனாகளே" என்றாள் அம்மா.

ஓடினேன். குலைகளுக்கு நடுவே கயிற்றில் சுற்றிக்கொண்டிருந்தது, மருந்து படிந்து, கீறல் விழுந்து.

"நீதான பத்திரமா இருக்குன்னு சொன்ன?" என்றார் அப்பா. குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

துடைத்து எடுத்துக்கொண்டு கம்பம் டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனேன். மிஷின் கொஞ்ச நேரம் உறுமியது, அப்புறம் சிடியை வெளியே தள்ளிவிட்டது.

மதுரை சென்டரில் போனை எடுக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் நான் மட்டும் போகிறேன். அவர்கள் மிஷினில் இன்னும் இருந்தால் பென் டிரைவில் வாங்கி, மாமாவின் கார்டில் நிஜக் கணக்கு தொடங்கி ஏற்றணும். வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் அப்பாவிடம் சொல்வேன். இல்லையென்றால், பஸ் ஊருக்குத் திரும்புவதற்குள் ஊசியைப் பற்றி அவரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று யோசிக்கணும்.