நான் கை காட்டிய திசை

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு இது நடந்தது. இடம், எல்கடுவ பக்கத்தில் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் அம்மாமார் தங்கள் சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப்போகும் இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே நான் பொறுப்பாசிரியை. உதவிக்கு ஓர் ஆயம்மா.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள் நான் ஒருத்திதான். வேலை செய்துகொண்டே பட்டப்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. லயத்து வரிசை வீடுகளில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்வேன். எங்கள் சின்னச் சபையில் ஞாயிறு பாடசாலை நடத்துவதும், பெண்கள் ஜெபக் கூட்டத்தில் வசனம் வாசிப்பதும் நான்தான். 'ஆக்கினைத்தீர்ப்பு' என்ற நீளமான வார்த்தையை அங்கே தடுமாறாமல் வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

ஒரு நாள் வாசித்து முடித்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "டீச்சர், அந்தப் பெரிய வார்த்தைக்கு என்னா அர்த்தம்?" என்று கேட்டார். அவர் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். திரும்பி வந்து சில மாதங்களில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. புருஷன் விட்டுப் போய்விட்டான். தகப்பன் யார் என்று ஊர் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை.

"ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஆண்டவர் குடுக்கிறதுக்குப் பேருதான் அது" என்றேன்.

சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அதோடு நான் விடவில்லை. அப்படிப்பட்டவருக்குத் திருவிருந்து கொடுப்பது சரியில்லை என்று போதகரிடம் போய்ப் பேசினேன். படித்த பிள்ளை சொல்கிறது என்று அவரும் கேட்டுக்கொண்டார். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் அப்பத் தட்டு அந்த அக்காவைத் தாண்டிப் போகும். அவர் எழுந்து போகாமல் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார். நான் பரிசுத்தத்தைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மகளுக்கு அப்போது மூன்று வயது. எங்கள் காம்பராவில்தான் இருந்தாள். ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை. "இத ஒரு கயித்துல கட்டி வச்சாத்தான் நம்ம சோறு திங்கலாம்" என்று ஆயம்மா சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டப்படிப்புக்கான ஒப்படைக் கட்டுரையை இரண்டு மணிக்குள் போனில் அனுப்பியாக வேண்டும். காம்பராவுக்குள் சிக்னல் கிடைக்காது. முன் கேட்டைத் தாண்டி, ரோட்டு வளைவில் நின்றால்தான் இரண்டு கோடு வரும். பிள்ளைகள் பகல் தூக்கத்தில் இருந்தார்கள். ஆயம்மா சமையலறையில் பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். நான் குடையோடு வெளியே போனேன். அனுப்பி முடிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோதுதான் கேட்டுக்குக் கொண்டி போடாமல் போயிருந்தது தெரிந்தது. கேட் பாதி திறந்து கிடந்தது.

உள்ளே ஒரு பாய் காலியாக இருந்தது.

கழிவறை, சமையலறை, அலமாரிக்குப் பின்னால் என்று எல்லா இடமும் தேடினோம். அவள் இல்லை. ஆயம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். சத்தம் கேட்டு கங்காணியும், பக்கத்து மலையில் நின்ற நாலைந்து பேரும் ஓடி வந்தார்கள். "என்னா டீச்சர், எப்பிடிப் போச்சு?" என்று கங்காணி கேட்டார்.

அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. "அம்மாதான் சொல்லாமக் கொள்ளாமத் தூக்கிட்டுப் போயிருப்பா. அவ அப்பிடித்தானே" என்று சொல்லி, பின்கதவு வழியாக மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையைக் கை காட்டினேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. "அவ செய்யக்கூடியவதான்" என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் மேலே ஏறினார்கள். நானும் ஏறினேன். மழை வலுத்தது. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.  நான் சொன்னதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே நடந்தேன். அம்மாதான் பிள்ளையை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி இருந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது.

பாதி வழியில், கூச்சல் கேட்டு, அந்த அக்காவே எதிரில் ஓடி வந்தார். இடுப்பில் கட்டிய படங்குத் துணி நனைந்து தொங்கியது. முதுகில் கொழுந்துப் பை. கையில் பிள்ளை இல்லை.

"நடிக்காத. யாருகிட்ட குடுத்து அனுப்பின?" என்று கங்காணி அதட்டினார்.

"நான் மலைய விட்டே எறங்கலங்க!"

"அப்ப புள்ளைக்கு றெக்கையா மொளச்சிச்சு?" என்று பின்னால் ஒரு பெண் குத்தலாகக் கேட்டாள்.

அவர் அவர்களுக்குப் பதில் சொல்லாமல் நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கை ஐஸ் மாதிரி இருந்தது. "டீச்சர், நான் சொன்னா இவுங்க நம்ப மாட்டாங்க. நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. நான் வரவே இல்லன்னு சொல்லுங்க."

 முன் கேட்டுக்குக் கீழே ரோட்டோரமாகக் கான் ஓடுகிறது. மழைத் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கி மதகுக்குள் போகும். அது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் கேட் திறந்து கிடந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறந்தால் வேலை போகும். அப்பா தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது? ஜெபம் பண்ணப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. நான் அழகாக வாசிக்கும் அந்த நீளமான வார்த்தை மட்டும் வந்தது. யாருக்கு என்று இந்தத் தடவை கேட்கத் தேவை இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. சில விநாடிகள்தான் இருக்கும். ஆனால் அந்த விநாடிகளும் அந்தப் பிள்ளையுடையவை.

"முன் கேட்டு வழியாத்தான் போயிருக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். "நான்தான் தொறந்து போட்டுட்டுப் போனேன். அக்கா வரல. நான் பொய் சொன்னேன்."

ஒருவரும் என்னைத் திட்டக்கூட நிற்கவில்லை. எல்லாரும் கீழே ஓடினார்கள். சறுக்கி விழுந்து, எழுந்து, நானும் ஓடினேன். கானில் தண்ணீர் செம்மண் கரைந்து சிவப்பாக நுரைத்துக்கொண்டு போனது. மதகு வாயில் ஒரு காய்ந்த சவுக்குக் கிளை அடைத்துக்கொண்டு கிடந்தது. அந்தக் கிளையைக் கட்டிப்பிடித்தபடி, நெஞ்சு வரை தண்ணீரில், பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது சத்தம் நின்று போயிருந்தது. அம்மாதான் முதலில் குதித்தார். நானும் கங்காணியும் இறங்கி அவர்கள் இரண்டு பேரையும் மேலே இழுத்தோம். அதற்குள் கிளை பிய்த்துக்கொண்டு மதகுக்குள் போய்விட்டது.

த்ரீவீலரில் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வரை அந்த அக்கா பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் பிள்ளையின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். உதடு நீலமாக இருந்தது. சாயங்காலம்தான், "பயப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னார். நான் வார்டு வாசலிலேயே அந்த அக்காவின் காலில் விழப் போனேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எந்திரிங்க. கோவம் இல்லன்னு சொன்னா நான் பொய்க்காரி. நாலு அறை விடணும் போலத்தான் இருக்கு" என்றார். பிறகு, "எனக்குத் தீர்ப்புச் சொல்ல இந்தத் தோட்டமே இருக்கு டீச்சர். அது எப்பிடி வலிக்கும்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்கு அதச் செய்ய மாட்டேன். என்னையத் தள்ளாத ஆண்டவரு ஒங்களையும் தள்ள மாட்டாரு" என்றார்.

அதைக் கேட்டும் எனக்கு நிம்மதி வரவில்லை. தோட்ட அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலையை எடுக்கவில்லை. ஆனாலும் நானே விலகுவதாகக் கடிதம் எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். சபைக்குப் போகவில்லை. கண்ணை மூடினால் சிவப்புத் தண்ணீர். எனக்கு மன்னிப்பே கிடையாது என்று தீர்மானமாக நம்பினேன்.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு ஆயம்மா வீட்டுக்கு வந்தார். அவர் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் சபைப் பக்கம் வந்ததே இல்லை. கடிதத்தைக் காட்டினேன். "அன்னைக்கு அவளுக்கு ஜட்ஜா இருந்தீங்க. இன்னைக்கு ஒங்களுக்கே ஜட்ஜா? அதுக்கும் ஏதாவது சோதன எழுதிப் பாஸ் பண்ணியிருக்கீங்களா டீச்சர்?" என்றார். "ஒங்க சாமி மன்னிக்கும்னு புள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தர்றீங்க. அவரு மன்னிச்சாலும் நீங்க விட மாட்டீங்க போல."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். என்னை நானே தண்டித்துக்கொள்வதைத் தாழ்மை என்று நினைத்திருந்தேன். அதுவும் அதே பெருமைதான் என்று அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு, பல நாளுக்குப் பிறகு, என்னால் ஜெபம் பண்ண முடிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்.  போதகர் எழுந்து, அவசரப்பட்டு விலக்கி வைத்தது தன் தவறும்தான் என்று அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். திருவிருந்துக்குக் கூப்பிட்டார். "இன்னைக்கு வேணாம் ஐயா. மனசு ஆறட்டும்" என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். இரண்டு மாதம் கழித்துத் தானாகவே எழுந்து வந்தார்.

சபையில் பேசிய மறுநாளே வேலைக்குப் போனேன். காலையில் அம்மாமார் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் என்னைப் பார்க்காமல் பிள்ளையை ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்கு வருத்தப்பட உரிமை இல்லை. கடைசியாக அந்த அக்கா வந்தார். ஆயம்மா கையை நீட்டினார். அக்கா அவரைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றார்.

"புடிங்க டீச்சர். ஓடுற புள்ள, ஒரு கண்ணு இது மேலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மகளை என் இடுப்பில் உட்கார வைத்துவிட்டு மலைக்கு ஏறினார்.

மன்னிப்பைப் பற்றி நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது எவ்வளவு கனம் என்று, அந்தப் பிள்ளையைக் கீழே இறக்க மனமில்லாமல் நின்ற அந்தக் காலையில்தான் என் கைகளுக்குத் தெரிந்தது.