ஹில் ஹோல்ட்டும் பூபதிராஜாவின் வாயும்

வாயை எடுத்துவிட்டால் பூபதிராஜாவிடம் மிச்சம் ஒன்றுமில்லை. சித்தூரில் ஒரு பைக் கடையில், புது வண்டி வாங்குகிறவர்களுக்கு எந்தப் பொத்தான் எதற்கென்று சொல்லிக் கொடுத்து அனுப்புவது அவன் வேலை. சும்மா விலை கேட்க வந்தவன்கூட இவன் பேச்சைக் கேட்டால் வண்டியோடுதான் வீடு போவான். முதலாளிக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். தவளை தன் வாயால் கெடும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் காதில் ஏறியிருக்காது.

நல்லேப்பிள்ளி குப்பண்ணன் வீட்டு மருமகள் தமிழ்ப்ரியா அவனிடம்தான் வண்டி எடுத்தாள். புருசன் மஸ்கட்டில். கோவிந்தாபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பஸ்ஸை நம்பினால் பாதி நாள் முதல் மணி போய்விடும். எடுத்த சில நாளிலேயே கடைக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, மேட்டுல நின்னா வண்டி தானாப் பிடிச்சுக்கும், ஹில் ஹோல்ட்டுன்னு சொன்னீங்கல்ல? அதுக்கு மீட்டர்ல வர்ற வெளக்கே எரிய மாட்டேங்குதுங்க. எங்கூட்டு வாசல்ல பிரேக்கை அமுக்கி அமுக்கிக் கையே நோகுது."

"உங்கூட்டு வாசல்ல மலை எங்கீங்க அம்மிணி இருக்குது?" என்று சிரித்தான் பூபதிராஜா. "மட்டமான எடத்துல அது வராதுங்க. சரிவு வேணும். வாங்க, காட்டறேன்."

சித்தூரில் சரிவுக்கு எங்கே போவது? பார்க்கிற இடமெல்லாம் நெல் வயல். பாசனக் கனால் கரைமேல் ஏறுகிற மண்பாதை ஒன்றுதான் உண்டு. அங்கே பாதி மேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, நியூட்ரலில் போடவைத்தான். முன் பிரேக்கை அவள் பிடித்தாள். விளக்கு எரியவில்லை.

"பூனைக்குட்டியைத் தடவற மாதிரி பிடிச்சா எப்படிங்க? ஒருக்கா நல்லா இறுக்குங்க!"

இறுக்கினாள். மீட்டரில் விளக்கு எரிந்தது. கையை எடுக்கச் சொன்னான். வண்டி மேட்டில் அப்படியே நின்றது. தமிழ்ப்ரியா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். கள்ளுக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாலு பேர் நின்று கை தட்டினார்கள். போதாதா இவனுக்கு?

"வெளக்கு எரிஞ்சாப் போதுமுங்க, கையைக் கட்டிட்டு உக்காந்துக்கலாம். மலையே சரிஞ்சாலும் வண்டி சரியாதுங்க!" என்று அடித்துவிட்டான்.

இன்னொரு வார்த்தை பாக்கி இருந்தது. இஞ்சின் ஓடுகிறவரைக்கும்தான் அது பிடிக்கும். அணைத்தால் விளக்கு கொஞ்சம் மினுக்கிவிட்டு பிரேக்கை விட்டுவிடும். கம்பெனிப் பயிற்சியில் முதல் பாடமே அதுதான். கைதட்டல் கேட்ட சுகத்தில் பாவி அதை முழுங்கிவிட்டான்.

மழைக்காலத்தில் குப்பண்ணன் மிளகு நாற்று வாங்க நெல்லியாம்பதி மலைக்குப் போகணும் என்றார். மருமகள் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். பாதி மலையில் மண் சரிந்து, வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அங்கே நின்றபடியே வண்டி பின்னால் உருண்டு சாய்ந்ததில் மாமனார் கால் எலும்பு முறிந்தது. இவ்வளவும் அடுத்த நாளே கடைக்கு வந்துவிட்டது. "ரொம்ப நேரம் நின்னாங்களாம், வண்டியை அணைச்சுப் போட்டு நின்னாங்களாம்" என்று செய்தி சொன்னவன் முடிக்கவில்லை, பூபதிராஜாவுக்குத் தான் முழுங்கிய வார்த்தை நினைவுக்கு வந்துவிட்டது.

அணைக்காமல் என்ன செய்வார்கள்? இந்தப் பக்கத்து ஜனம் ரயில்வே கேட்டில் நின்றாலும், ஆட்டு மந்தை குறுக்கே வந்தாலும் முதல் காரியமாக இஞ்சினை அணைக்கும். பெட்ரோல் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் ஆகாது. அவன் அப்பனும் அப்படித்தான், அவனும் அப்படித்தான். தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டான்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஊர் முழுக்க தமிழ்ப்ரியாவைத்தான் பேசியது. பொட்டப்புள்ளைக்கு எதற்கு இத்தனை பெரிய வண்டி என்றது. பூபதிராஜா கேட்டுக்கொண்டிருந்தான். போய்ச் சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவான். வேலை போய்விட்டால் என்று தினமும் நின்றுவிடுவான். சோறு இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் ஹில் ஹோல்ட் என்று சொல்ல வாய் கூசியது.

கடைசியில் மாமியார் கமலாத்தாளே போன் போட்டாள். வண்டியை எடுத்துப்போய் விற்றுக் கொடு என்றாள். போனான்.

வாசலில் கால் கட்டோடு குப்பண்ணன் நாற்காலியில் இருந்தார். தமிழ்ப்ரியா சாவியோடு வந்தாள். அரை உடம்பாக இளைத்திருந்தாள். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"அம்மிணி மேல தப்பு இல்லீங்க. அணைச்சா பிரேக் விட்டுரும்னு நாந்தான் சொல்லாம விட்டேனுங்க."

"அடப் போப்பா," என்றாள் கமலாத்தாள். "இவ மூஞ்சியைப் பார்த்துட்டு எரக்கப்பட்டுப் பேசற. உன்ற நல்ல மனசுக்கு நீ அப்படித்தான் சொல்லுவ. இவளுக்குக் கையில பலம் பத்தலை."

நல்ல மனசாம்! செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பி, வாசலுக்கு எதிரே நெல் களத்துக்கு டிராக்டர் ஏறுகிற சரிவில் நிறுத்தினான். பிரேக்கை இறுக்கினான். விளக்கு எரிந்தது. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். அப்புறம் இஞ்சினை அணைத்தான். விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. வண்டி அவனோடு பின்னால் உருள, பின் பிரேக்கை மிதித்து நிறுத்தினான்.

குப்பண்ணனுக்கு முகம் வெளிறிப்போனது. "அடக் கடவுளே... நாந்தானே அணைக்கச் சொன்னேன்? 'சும்மா எதுக்குக் கண்ணு ஓடுது, அணை'ன்னு பின்னாலருந்து நாந்தானே சொன்னேன்!"

கமலாத்தாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"மாமா வலியில துடிச்சிட்டிருந்தாருங்கத்தே. அவரு சொல்லித்தான் அணைச்சேன்னு எந்த வாயால சொல்லுவேனுங்க? வெளக்கு எரிஞ்சுதுன்னு நம்பித்தான் கையை எடுத்தேன். அப்புறம் நாந்தான் சரியா இறுக்கலையோன்னு நெனச்சுட்டேன்."

"வண்டி எங்கயும் போகாது," என்றார் குப்பண்ணன். "உள்ள கொண்டு போய் நிறுத்து கண்ணு."

தமிழ்ப்ரியா நகரவில்லை. பூபதிராஜாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுதுங்ண்ணா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "விழுந்த சேதி கேட்ட அன்னிக்கேங்க."

"அன்னிக்கேங்களா?" என்று மெல்லத் திருப்பிச் சொன்னாள். "தெனமும் மாமா காலுக்கு ஒத்தடம் குடுக்கறப்ப, இதை நான் பண்ணினேன், நான் பண்ணினேன்னு எனக்குள்ள சொல்லிட்டே குடுத்தேனுங்க. நேத்து மஸ்கட்டுக்கு நானே போன் பண்ணி, வண்டியை வித்துரலாம்னு அவருகிட்டச் சொன்னேன். நீங்க அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாமுங்க."

அவள் வண்டிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்ண்ணா. இனி அதுல ஏற எனக்குக் கால் வராதுங்க."

மாமனார் கூப்பிடக் கூப்பிட உள்ளே போய்விட்டாள். வண்டியில் சாவி இருந்தது. பூபதிராஜா அதைக் கிளப்பாமல், தள்ளிக்கொண்டே சித்தூர் ரோட்டுக்கு வந்தான்.