வாசலில் வைத்த தையல் மெஷின்

நோன்பு மாதத்தின் கடைசி வாரம். ஜொகூர் பாருவில் எங்கள் ஜவுளிக்கடை வாசலில், ஏழைகளுக்குத் தரும் ஜக்காத்துக் கைலி வாங்க ஆட்கள் வரிசையில் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. பாதிப்பேர் போன வருடமும் வந்த அதே முகங்கள். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த வாப்பாவின் தம்பியிடம் ஓடினேன்.

“சாச்சா, ஒருத்தருக்குத் தையல் மெஷின் குடுத்தா அடுத்த வருசம் அவரு வர மாட்டாருல்ல? அவரே நாலு பேருக்குக் குடுப்பாரு!”

“அலமாக்! இங்கிலீஷ் ஸ்கூலு வேலை செய்யுது,” என்று சிரித்தார் சாச்சா. ஆனால் மறுநாளே, இப்படிக் கொடுத்தால் நாடே நிமிரும் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் தன் யோசனையாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ரப்பர் விலை விழுந்திருந்த காலம். தெப்ராவ் பக்கம் தோட்டத்தில் வேலை போன ஒருவருக்குத் தையல் தெரியும். பிழைக்க வழியின்றி மனைவியையும் கைக்குழந்தையையும் ஊருக்குக் கப்பலேற்ற இருந்தார். ஜக்காத் பணத்தில் அவருக்கென்று மெஷின் வந்தது. வந்த மெஷினைச் சாச்சா கடை வாசலில் வைத்தார்.

“மொதலாளி, வீட்டுக்குக் கொண்டு போலாங்களா? அவளும் தைப்பா.”

“இங்கயே இருக்கட்டும் பாய். நாலு பேரு பாத்தாத்தானே அவங்களுக்கும் குடுக்கத் தோணும்? வீட்டுக்குப் போனா வித்துத் தின்னுருவீரு.”

“எனக்குக் குடுத்ததுதானுங்களே?”

“குடுத்ததுதான். யாரு இல்லேன்னது?”

வெளித்தையல் எடுக்கவும் விடவில்லை. எங்கள் கடைத் துணிதான். சாச்சா ஒவ்வொருவரிடமும் கதையை விவரிக்க, அவர் குனிந்த தலை நிமிராமல் மிதித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் பூரித்துப்போய் நான்.

பெருநாள் கழிந்து ஒரு காலை, மெஷின் மூடிக் கிடந்தது. மனைவியையும் குழந்தையையும் கப்பலேற்றிவிட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கச் சிங்கப்பூர் போய்விட்டாராம். நன்றிகெட்டவன் என்றார் சாச்சா. எனக்கும் ஆத்திரம்தான். சொந்த மெஷினை யாராவது விட்டுவிட்டுப் போவார்களா?

கொடுத்தவன் கையை விட்டுப் போனால்தான் ஜக்காத் என்று மதரஸாவில் மளமளவென ஒப்பித்தவன் நான். அந்த மனிதருக்கு விட்டுப்போக ஒன்றுமே இருக்கவில்லை என்பது அன்று உறைக்கவில்லை. அந்தக் குழந்தை இங்கேயே வளர்ந்திருக்கலாம்.

வருடங்கள் ஓடிவிட்டன. இந்த நோன்புக்கு, கெலாங் பாத்தாவில் சொந்தப் படகில்லாத ஒரு மலாய் மீனவருக்குப் படகு என்று பேசியிருக்கிறேன். படகில் கடைப் பெயர் எழுதலாமா என்று சாச்சா இப்போதே கேட்கிறார். நாளை நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு சாச்சாவிடம் பேச வேண்டும். படகைப் பெற்றவர் மறுநாளே விற்றாலும் வாய் திறக்கக் கூடாது. இம்முறை நிபந்தனை சாச்சாவுக்கு.