முருகேசண்ணா விற்காத பிளாக் டிக்கெட்

முருகேசண்ணா போய்விட்டார். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் ஏரியா தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சின்ன ஜெராக்ஸ் கடைக்காரர். சொந்த ஊர் ஹனூர்.

ஃபோனில் டிக்கெட் புக் பண்ணத் தெரியாத பூக்காரம்மா, மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் அவர்தான் ஆன்லைன். பிரிண்ட் எடுத்து, பின்பக்கம் அவரவர் பெயரைப் பேனாவில் எழுதிக் கொடுப்பார். "ஃபோன்ல இருக்குதுன்னா நம்ப மாட்டாங்கங்க. கையில காயிதம் வேணும்."

என் பையனின் ஸ்கூல் அப்ளிகேஷன் போடப் போன அன்றைக்கு சர்வர் படுத்துவிட்டது. "நீங்க போய் காபி குடிச்சுட்டு வாங்க தம்பி, நான் இதோட மல்லுக்கட்டறேன்" என்றார். நான் திரும்பி வருவதற்குள் முடித்து வைத்திருந்தார்.

இனி சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

போன வருஷம் இங்கே ஒரு பெரிய கச்சேரி. ஆன்லைனில் கண் மூடித் திறப்பதற்குள் டிக்கெட் காலி. எனக்குச் செம கடுப்பு. அந்த நேரம் பார்த்து முருகேசண்ணா கையில் ஒரு கட்டு டிக்கெட் பிரிண்ட்!

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நைஸாக ஒரு போட்டோ எடுத்து, மேலே சிவப்பில் 'பிளாக் டிக்கெட் கும்பல்' என்று எழுதி, என்னுடைய இதே பக்கத்தில்தான் பதிவு போட்டேன்.

அப்பப்பா... என்ன லைக்ஸ், என்ன ஷேர்! ஏரியாத் தலைவர் ஒருவர் "சபாஷ் பிரதர், இவங்களை விடக்கூடாது" என்று கமெண்ட் போட்டார். மறுநாள் அவர் ஆபீஸிலிருந்தே கூப்பிட்டு இரண்டு விஐபி பாஸ் கொடுத்தார்கள். இவர்களுக்கு மட்டும் எப்படி இத்தனை பாஸ் என்று நான் கேட்டேனா? வாங்கிக்கொண்டு போனேன். முன்வரிசையில் செல்ஃபி வேறு.

கச்சேரி முடிந்து வெளியே வந்தால், பூக்காரம்மா மகளோடு நிற்கிறார். கையில் அதே பிரிண்ட். "மார்க்கெட்ல எங்க எல்லாருக்கும் முருகேசண்ணாதாம்ப்பா எடுத்துக் கொடுத்தாரு. டிக்கெட்ல போட்ட ரேட்டுதான்."



மறுநாளே கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "போச்சாது உடுங்க தம்பி. போலீஸ் வந்தாங்க, விசாரிச்சாங்க, போயிட்டாங்க" என்றார். அப்புறம் மெதுவாக, "அந்தப் பதிவ மட்டும் எடுத்துருங்க. புள்ளைக்கு மாப்பிள பாத்துட்டு இருக்கோம்... எங்களப் பத்தி விசாரிக்கற மாப்பிள வீட்டுக்காரங்க அதைத்தான் காட்டறாங்க."

எடுத்துவிடுகிறேன் அண்ணா என்றேன். எடுக்கவில்லை. லைக்ஸ் வந்துகொண்டே இருந்தது... அவ்வளவுதான் காரணம். வெட்கமாக இருக்கிறது.

இன்று தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். அதில் அண்ணா பெயர் சின்னதாக, தலைவர் முகம் பெரிதாக. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மத்தியானம் அண்ணாவின் மகள் ஃபோன் செய்தாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"அப்பா போட்டோ நல்லதா ஒண்ணுகூட இல்லங்ணா. ஆதார்ல இருக்கறதப் பெருசு பண்ணா கலங்குது. நீங்க போட்டதுலதான் மொகம் தெளிவா இருக்குது. மேல எழுதுனத எடுத்துட்டு அனுப்பறீங்களா? மாலை போடணும்."

அனுப்பினேன்.

மன்னிச்சிருங்கண்ணா. போயிட்டு வாங்க.