துடக்குக் கழிந்து வைத்த கையெழுத்து

தங்கத்துரை அண்ணை வாங்கியது வீட்டை மட்டும்தான். அது நின்ற நிலம் வேறு ஆளுடையது. இதைச் சொன்னால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் நம்பமாட்டார்கள். ஸ்காபரோவின் கிழக்குக் கோடியில், மோர்னிங்சைட்டுக்கும் அப்பால், ஒரு வெள்ளைக்கார விதவையின் காணியில் நின்ற சின்ன வீடு அது. 1967இல் யாரோ நிலத்தை இருபது வருடக் குத்தகைக்கு எடுத்துக் கட்டியது. மீதிக் குத்தகையோடு சேர்ந்து கைமாறி, 1983 சித்திரையில் அண்ணையிடம் வந்தது. மற்ற வீடுகளின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலையில் ஏழு வருடம் வெல்டராக நின்று சேர்த்த காசுக்கு அவ்வளவுதான் கட்டுபடியானது.

நான் அவருடைய ஊர்க்காரி. மட்டக்களப்பில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி எங்கள் வீடு. கிளடிஸ் என்ற பெயரைக் கேட்டாலே தெரியும், நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள். இங்கே ஒரு காப்புறுதிக் கந்தோரில் தட்டெழுத்து வேலை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டும் என்றால் அண்ணையும் அவருடைய மனைவி தங்கேஸ்வரி அக்காவும் என்னிடம்தான் வருவார்கள்.

அண்ணையைக் கவனமில்லாத மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குத்தகைப் பத்திரத்தின் பதினான்கு பக்கத்தையும் அகராதியோடு இருந்து மூன்று தரம் வாசித்தவர். எட்டாம் பக்கத்தில் ஒரு பந்திக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார். குத்தகை 1987 செப்டெம்பர் 30இல் முடிகிறது. இன்னும் இருபது வருடம் வேண்டுமென்றால் மார்ச் 31ஆம் தேதிக்குள் எழுத்தில், கையெழுத்து வைத்து, நிலத்துக்காரிக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் அவள் மறுக்க முடியாது. கொடுக்காவிட்டால் தவணை முடிகிற அன்று நிலத்தோடு வீடும் அவளுக்குப் போய்விடும்.

“பிள்ளை, எல்லாம் உந்த ஒரு பந்திக்குள்ளதான் கிடக்கு,” என்று வீடு வாங்கிய கிழமையே எனக்குக் காட்டினார்.

அந்த ஆடியில் நாட்டில் கலவரம் வந்தது. பிறகு சனம் வரத் தொடங்கியது. மொன்றியலில் இறங்கி பஸ் ஏறி வந்தவர்கள், யாரோ கொடுத்த துண்டில் முகவரியை வைத்துக்கொண்டு வந்தவர்கள் என்று அந்த வீட்டில் படுத்தெழும்பாத ஆட்கள் குறைவு. அக்கா பெரிய சட்டியில் சோறு போட்டபடியே இருப்பா. ஆனால் பேஸ்மென்றில் அண்ணை தன் கையால் பலகை அடித்து எடுத்த ஒரு அறையில் மட்டும் எவரையும் படுக்க விடமாட்டார். அது அவருடைய தம்பி சீனித்தம்பிக்கு.

சீனித்தம்பி அண்ணையைவிடப் பதினாலு வயது இளையவன். தகப்பன் செத்தபிறகு தோளில் தூக்கி வளர்த்தவர் அண்ணைதான். 1986 மார்கழியில் ஊரில் நடந்த சுற்றிவளைப்பில் ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

இந்த நிலைமையிலும் மனிதர் தேதியை மறக்கவில்லை. 1987 மாசியில் என்னைக் கூப்பிட்டு, நிலத்துக்காரிக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தைத் தட்டெழுதுவித்தார். அரைப் பக்கம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இருபது வருட விசயம் அல்லவா, அக்கா பஞ்சாங்கம் பார்த்தா. மார்ச் 13, வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் காலை ஒன்பதரை. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தால் கெட்ட நாள் என்று என் கந்தோரில் வெள்ளைக்காரர் படிக்கட்டில்கூடப் பார்த்துத்தான் கால் வைப்பார்கள். நான் அதைச் சொல்ல, அண்ணையும் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பதினோராம் தேதி புதன்கிழமை கொழும்பிலிருந்து போன் வந்தது. பிடித்துப் போனவர்களைச் சுட்டு எரித்துவிட்டார்களாம். சீனித்தம்பியும் அதில் ஒருவனாம்.

நான் போனபோது அண்ணை குளிர் தரையில் குந்தி இருந்தார். உடல் இல்லை, சாம்பல் இல்லை. ஒரு படத்துக்கு முன்னால் விளக்கு மட்டும் எரிந்தது. நாலாம் நாள் நான் மெல்லக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். பதில் சொன்னது அக்கா.

“துடக்குக்குள்ள எப்பிடிப் பிள்ளை கையெழுத்து வைக்கிறது? முப்பத்தொண்டு கழியட்டும்.”

சாவுத் தீட்டுக் கழிகிற முப்பத்தோராம் நாள் ஏப்ரல் 10. கடிதத்தின் கடைசித் தேதி மார்ச் 31. பத்து நாள் இடிக்கிறது. எனக்கு அது தெரியும், அண்ணைக்கும் தெரியும். ஆனால் செத்த வீட்டுக்குள், வீட்டுக்காகப் பேனை பிடி என்று நான் எப்படிச் சொல்வது? நானோ வேதக்காரி. எங்கள் வீட்டில் துடக்கு இல்லை. ‘உனக்கு என்ன தெரியும்’ என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதன்பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியுமா? இப்படியெல்லாம் யோசித்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இன்றைக்கும் என்னை நானே மன்னிக்காத விசயம் அதுதான்.

அண்ணை தன் அறிவுக்கு எட்டியதைச் செய்தார். மார்ச் 20ஆம் தேதி என்னைக்கொண்டு நிலத்துக்காரிக்குப் போன் எடுத்தார். தம்பி செத்துவிட்டான், எங்கள் முறைப்படி ஒரு மாதம் கையெழுத்து வைக்க ஏலாது, அதன்பிறகு கடிதம் வரும் என்று நான் சொன்னேன். கிழவி உண்மையாகவே இரங்கினாள். “பாவம், ஆறுதலாகச் செய்யுங்கள், ஒன்றும் அவசரமில்லை” என்றாள். அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மனிசர் சொன்ன சொல் போதாதா?

போதாது. ஏப்ரல் 11 குளித்து முழுகிக் கையெழுத்து வைத்து, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் கடிதம் போனது. இரண்டு கிழமையில் பதில் வந்தது. எழுதியது கிழவி அல்ல, அவளுடைய மகனின் வழக்கறிஞர். நீடிக்கும் உரிமை மார்ச் 31ஆம் தேதியோடு செத்துவிட்டது, செப்டெம்பர் 30 வீட்டைக் கையளிக்கவும். அந்த வருடம் ரொறன்ரோவில் காணி விலை ஏறிய ஏற்றத்தை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகன் அதற்குள் ஒரு கட்டடக்காரனோடு பேசத் தொடங்கியிருந்தான்.

எக்ளின்ரன் வீதியில் நாங்கள் பிடித்த வழக்கறிஞர் நல்ல மனிதர். ஆனால் முகத்துக்கு நேரே சொன்னார்: “இந்த மாதிரித் தேதியைத் தாண்டக்கூடாத கோடாகத்தான் கோர்ட் பார்க்கும். ஒரு நாள் பிந்தினாலும் பிந்தினதுதான். போனில் சொன்ன சொல்லை வைத்து வழக்காடலாம், ஆனால் வெல்லுவோம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு விலையில் பாதி என் கட்டணத்துக்கே போய்விடும். அவர்களிடம் இரக்கம் கேட்டுப் பார்ப்போம்.”

கேட்டோம். கிழவிக்கு மனச்சாட்சி உறுத்தியிருக்கவேண்டும். அவள் மகனை நெருக்கியதில் ஒரு வழி திறந்தது. தம்பி செத்தது உண்மை என்றால் மரணச் சான்றிதழ் தரட்டும், அது கிடைக்காவிட்டால் ஜூலை முடிவதற்குள் சத்தியக் கடதாசி தரட்டும், இருபது வருடத்தைக் கொடுக்கிறோம் என்று எழுதினார்கள். அண்ணை ஊரில் கிராம அதிகாரியாக இருந்த விதானையாருக்குச் சான்றிதழ் கேட்டு எழுதினார். ஆனியும் முடிந்தது, பதில் இல்லை. வழக்கறிஞர் சத்தியக் கடதாசியைத் தயார் செய்தார். ‘என் சகோதரன் சீனித்தம்பி இறந்துவிட்டான்’ என்பது முதல் வரி. ஜூலை 21 செவ்வாய்க்கிழமை வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார்.

சனிக்கிழமை விதானையாரின் கடிதம் வந்தது.

சான்றிதழ் தரமுடியாது, ஆள் உயிரோடு இருக்கிறான் என்று எழுதியிருந்தது. தெற்கே ஒரு தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு வந்த ஒருவன் சீனித்தம்பியின் கையெழுத்தோடு ஒரு துண்டு கொண்டுவந்தானாம். துண்டும் உள்ளே இருந்தது. ‘அண்ணை, நான் சுகம். பயப்படவேண்டாம்.’ அண்ணை அந்தத் துண்டை முகத்தில் வைத்து அழுத அழுகையை நான் என் வாழ்நாளில் வேறு எந்த ஆம்பிளையிடமும் காணவில்லை. அக்கா படத்தின் முன்னால் இருந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினி அலுமாரிக்குள் பூட்டினா. பிறகு பாயாசம் காய்ச்சினா. மூன்று பேரும் பைத்தியக்காரரைப்போலச் சிரித்தோம்.

பாயாசம் குடித்து முடித்தபிறகுதான் செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது.

வாயைத் திறந்தது நான்தான். மார்ச் மாதம் பேசாமல் விட்ட குற்றத்துக்கு இப்போது பேசினேன் போலும்.

“அண்ணை, இந்தக் கடிதம் புதன்கிழமைதான் வந்தது எண்டு வையுங்கோ. செவ்வாய்க்கிழமை போய்க் கையெழுத்தை வையுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது? நாலு மாசமாச் செத்தவன் எண்டுதானே நாங்களும் நம்பினது?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தா. அவவுக்கும் அதே எண்ணம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அண்ணை கோபிக்கவில்லை. துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். “உயிரோட இருக்கிற பிள்ளையை, செத்தவன் எண்டு என்ரை கையால எழுதிக் குடுக்கவோ? அவன் இன்னும் அவங்கட கையிலதான் இருக்கிறான் பிள்ளை. என்னால ஏலாது.”

சட்டத்தில் இல்லாத காரணம்தான். ஆனால் அந்த வீட்டில் அதற்கு எதிர்ப்பேச்சு இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். மார்ச் மாதம் அவர் மனதறிய நம்பித்தான் துக்கம் காத்தார் என்று வழக்கறிஞர் அழகாக எழுதி அனுப்பினார். மகனிடமிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது: எவரும் சாகவில்லை, ஆகவே தாமதத்துக்குக் காரணமும் இல்லை. கிழவிக்கு நான் மூன்று தரம் போன் எடுத்தேன். மூன்று தரமும் மகன்தான் எடுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி எறியலாம்போல இருந்தது, அதுவும் கந்தோர் போன்.

செப்டெம்பர் 30 காலை அக்கா வீடு முழுவதையும் கூட்டி, கண்ணாடி யன்னல்களைத் துடைத்தா. இடிக்கப்போகிற வீட்டுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டதற்கு, ஊத்தையோட குடுக்கிறதோ என்றா. அண்ணை வாசல் கதவைப் பூட்டி, திறப்பை ஒரு உறையில் போட்டு வழக்கறிஞரிடம் கொடுத்தார். மாரிக் குளிர் தொடங்குமுன் வீட்டை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அவர்கள் மார்க்கம் வீதியில் ஒன்பதாம் மாடியில் இரண்டு அறை அப்பார்ட்மென்றுக்குப் போனார்கள்.

சீனித்தம்பியை அந்தக் கார்த்திகையில் விட்டார்கள். 1988 ஆவணியில் அவன் ரொறன்ரோ வந்து சேர்ந்தான். விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனோம். ஒரு காது சரியாகக் கேட்காமல், எலும்பும் தோலுமாக வந்தான். ஆனால் சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. அண்ணை பின் சீற்றில் அவனுடைய கையைப் பிடித்தபடியே வந்தார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் அவன் கேட்டான், “பின்னால தோட்டம் இருக்கெண்டு எழுதினீங்களே, அந்த வீட்டுக்குத்தானே அண்ணை போறம்?”

“இல்லை தம்பி. அது குத்தகைக் காணி. தவணை முடிஞ்சுது, விட்டிட்டம்.”

“நீட்டித் தரமாட்டினமோ?”

“முதலே எழுதிக் குடுக்கவேணும். நான் பிந்திக் குடுத்திட்டன்.”

சீனித்தம்பி உரிமையோடு சிரித்தான். “என்ன அண்ணை நீங்கள்! ஒரு கையெழுத்துத்தானே? அதுக்குள்ள அப்பிடி என்ன வேலை உங்களுக்கு?”

நான் கண்ணாடியில் அண்ணையைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பேசாதே என்று அந்தப் பார்வையில் இருந்தது.

“மறந்துபோனன் தம்பி,” என்றார்.